உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை ஏஞ்சல் தீவுக்குக் கூட்டிப்போனேன். அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கிறது. 1910 முதல் 1940 வரை, கப்பலில் வந்த சீனர்களை அடைத்துவைத்து விசாரித்த குடிவரவு நிலையம் அங்கேதான் இருந்தது. சிலர் சில வாரம், சிலர் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள்.

அங்கே கேட்ட கேள்விகளை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். உன் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசி எங்கே வைத்திருப்பீர்கள்? கிணறு எவ்வளவு தூரம்? பக்கத்து வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள்? இதே கேள்விகளை, வந்தவரின் அப்பாவிடமும் தனியாகக் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போகாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

"நம்ம வீட்டுக்கு எத்தனை படிம்மா?" என்று கேட்டேன்.

"திண்ணைக்கு மூணு, நிலைவாசலுக்கு ஒண்ணு. நாலு" என்றார் அம்மா. நான் மூன்று என்றே நினைத்திருந்தேன். பதினெட்டு வருடம் ஏறி இறங்கிய வாசல். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த மேசைக்கு முன்னால் எங்கள் உறவே பொய்யாகியிருக்கும். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதற்கெல்லாம் வேர் 1882-ஆம் ஆண்டுச் சட்டம். சியரா நெவாடா மலையைக் குடைந்து ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் சீனர்கள் தேவைப்பட்டார்கள். 1869-இல் பாதை முடிந்தது. பதின்மூன்றே வருடத்தில் சீனத் தொழிலாளிகள் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வியாபாரிகள், மாணவர்கள், குடிமக்களின் பிள்ளைகள் மாதிரி சிலருக்குத்தான் கதவு திறந்திருந்தது. 1906 நிலநடுக்கத்துக்குப் பின் பிடித்த தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அப்புறம் பலர் "நான் இங்கேதான் பிறந்தேன், இந்த நாட்டுக் குடிமகன்" என்றார்கள். சீனாவுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கே ஒரு மகன் பிறந்ததாகப் பதிந்தார்கள். அந்தப் பெயரை விலைக்கு வாங்கி வந்தவன்தான் 'காகித மகன்'. முன்பின் பார்க்காத வீட்டின் படிகளைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்துவிட்டு, எழுதிவைத்த தாளைக் கடலில் போட்டுவிடுவான். உண்மையான மகனுக்கும் அதே விசாரணைதான். அவனும் மனப்பாடம் செய்துதான் வந்தான். நிலையத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்த சீனர்கள் நகரத்திலிருந்து பதில் எழுதிய துண்டுச்சீட்டு வாங்கி வந்து சோற்றோடு சேர்த்து உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். தனக்கே ஆபத்தான அந்தக் காரியத்தைச் செய்தவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

ஆண்கள் தாங்கள் அடைபட்டிருந்த கூடத்தின் மரச்சுவரில் கவிதைகள் செதுக்கியிருக்கிறார்கள். நிர்வாகம் அவற்றில் மக்கு அடைத்துப் பெயிண்ட் பூசியது. வருடங்கள் போகப்போக மக்கு சுருங்கி, எழுத்துகள் மேலே வந்தன. 1970-இல் அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் கவனித்திருக்காவிட்டால், இடிக்க இருந்த கட்டடத்தோடு அவையும் போயிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு எழுத்தின் பள்ளத்தைப் பார்த்தேன். அவ்வளவு ஆழம். ஒரே நாளில் வெட்டியதாக இருக்காது.

1943-இல், ஜப்பானை எதிர்த்துச் சீனா கூட்டாளியான பிறகுதான் அந்தச் சட்டம் ரத்தானது. அதற்குப் பிறகும் ஆண்டுக்கு அனுமதி எத்தனை பேருக்கு? 105. போரில் தோளோடு தோள் நின்ற நாட்டுக்கு இந்தக் கணக்கு! எனக்கு ஆறவே இல்லை.

படகில் திரும்பும்போது, கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் தாத்தாவும் காகித மகன். கல்லறையில் ஆங்கிலத்தில் இருப்பது விலைக்கு வாங்கிய பெயர். பக்கத்தில் சீனத்தில் இருப்பது சொந்தக் குடும்பப் பெயர். நண்பருக்குச் சீனம் படிக்கத் தெரியாது. அந்த ஒரு எழுத்து மட்டும் தெரியும். சின்ன வயதில் தாத்தா கையைப் பிடித்து எழுதப் பழக்கியிருக்கிறார்.