புல்லியின் குடத்தில் விழுந்த குழி: ஐந்தாவது வார்ப்பில் தீர்ந்தது

நாலு முறை வார்த்து நாலு முறையும் மூசைக்கே (உலோகம் உருக்கும் பாத்திரம்) திரும்பிய அலுமினியப் புல்லி, இந்த முறை முழுசாக வந்துவிட்டது. நேற்று குடத்தை, அதாவது அச்சுத்தண்டு நுழையும் நடுப்பகுதியை, லேத்தில் மாட்டித் துளைத்தேன். உள்ளே பொட்டுக் குழி கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்!

முந்தைய நாலிலும் வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. துளை போட்டதும் குடத்தின் மேல்பக்கம் பட்டாணி அளவில் ஓட்டை வாயைப் பிளக்கும். ஈரத்திலிருந்து உருகிய உலோகத்தில் கரையும் ஹைட்ரஜன் வாயுதான் காரணம் என்று முடிவுகட்டி வார்ப்பு மண்ணில் ஈரத்தைக் குறைத்தேன், மூசையைச் சிவக்கக் காய்ச்சினேன், போடுகிற துண்டுகளையும் சூடுகாட்டிப் போட்டேன். குழி அசையவில்லை.

நாலாவதைக் குறுக்கே அறுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. வாயுக் குழி என்றால் உருண்டையாக, உள்சுவர் வழவழவென்று, அங்கங்கே சிதறிக் கிடக்கும். இது ஒரே குழி, சொரசொரவென்று பிய்த்தெடுத்த மாதிரி. உலோகம் உறையும்போது சுருங்குவதால் விழும் சுருக்கக் குழியேதான். இதை முதல் வார்ப்பிலேயே அறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் கணக்குப் போட்டேன். உறைய ஆகும் நேரம், கன அளவைப் பரப்பால் வகுத்து வருவதன் வர்க்கத்தைப் பொறுத்தது, ஸ்வோரினோவ் விதி. என் குடம் 40 மி.மீ. விட்டம், 40 மி.மீ. உயரம், தனி உருளையாக எடுத்து வகுத்தால் 6.7 வருகிறது. நான் வைத்த ரைசர் (வார்ப்பு சுருங்கும்போது உருகிய உலோகம் ஊட்டும் தூண்) 25 மி.மீ. விட்டம், 50 மி.மீ. உயரம், வெறும் 5. அதாவது குடம் உறைய ஆகும் நேரத்தில் பாதி கடந்ததுமே ரைசர் உறைந்துவிடும். குடம் சுருங்கும்போது உலோகம் ஊட்ட வேண்டியதே முதலில் கெட்டியானால் குழி விழாமல் என்ன செய்யும்? ரைசரை உயரமாக்கினால் போதும் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். விட்டம்தான் முக்கியம்.

புது ரைசர் 50 மி.மீ. விட்டம், 75 மி.மீ. உயரம், 9.4 வருகிறது. குடத்தோடு சேரும் கழுத்தையும் அகலமாக விட்டேன், இல்லாவிட்டால் கழுத்து முந்திக்கொண்டு உறைந்துவிடும். ஊற்றி முடித்த கையோடு ரைசர் தலையில் உமிச்சாம்பலைக் கனமாகத் தூவினேன். திறந்த தலை வழியாகப் போகும் சூடு கொஞ்சநஞ்சமல்ல. ஊற்றும் சூட்டையும் 780 டிகிரியிலிருந்து 720க்கு இறக்கினேன். உடைத்தெடுத்தபோது ரைசர் தலை நடுவில் ஆழமாகக் குழிந்திருந்தது. குடத்தில் விழ வேண்டிய குழி அங்கே போய் விழுந்திருக்கிறது! அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

ரைசரை அறுத்தெடுப்பதுதான் இப்போது பெரும்பாடு. அடுத்த பேட்டர்னில் (மண்ணில் அச்சுப் பதிக்கும் மாதிரி) கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்கிப் பார்க்கலாம்.

மண் விஷயத்தில் ஒன்று. மண்ணைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணுக்காக, பூனைக் கழிவுக்கு விற்கும் கட்டியை வாங்கி இடிக்காதீர்கள். இரண்டு நாள் இடித்தும் சலிக்கும்போது பாதி குருணையாகவே நின்றது. பொடியாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

விளிம்பில் V பள்ளம் கடையும் வேலை இன்னும் பாக்கி. அதற்குள் மனசு வெண்கலத்துக்குத் தாவிவிட்டது. களிமண் கிராஃபைட் மூசை ஒன்று வாங்கி வைத்தாயிற்று. அதைத் தூக்க இப்போதிருக்கிற இடுக்கி தாங்காது. முதலில் 12 மி.மீ. கம்பியில் ஒரு நல்ல இடுக்கி அடித்தாக வேண்டும்.