மடபோலம் போர்த்திய மர விமானம்

போன கோடையில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பக்கிங்ஹாம் அரண்மனையை ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார். நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் இழைத்தவருக்கு எதைக் காட்டுவது? யோசித்து, லண்டன் கோல்னி பக்கம் இருக்கும் டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே நிற்கிறது டபிள்யூ 4050. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய மஸ்கிட்டோ, அதாவது கொசு, வகையில் செய்த முதல் விமானம். 1940 நவம்பர் 25 அன்று ஹாட்ஃபீல்டிலிருந்து முதல்முறை பறந்தது. சொந்தப் பீரங்கிக்காரர்களே சுட்டுவிடாமல் இருக்க மஞ்சள் அடித்திருந்தார்கள்; அடிவயிற்றில் இப்போதும் மஞ்சள்தான்.

"இது மரம்ப்பா."

"எது, ரெக்கையா?"

"ரெக்கை, உடம்பு எல்லாமே."

போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வரும், தச்சர்களுக்கு வராது என்பது இதைச் செய்த டி ஹாவிலண்ட் கம்பெனி போட்ட கணக்கு. ஹை விக்கம் ஊரில் மேஜை நாற்காலி செய்தவர்கள் விமான பாகம் செய்தார்கள். உடம்பை நீளவாக்கில் இரண்டு பாதியாக அச்சின் மேல் வளைத்து, உள்ளே வயர்களைப் பொருத்திவிட்டு, அப்புறம் அவரைக்காய் மூடுகிற மாதிரி சேர்த்து ஒட்டுவார்கள். உள்ளும் புறமும் பிர்ச் மரப் பிளைவுட், நடுவில் பல்சா.

"பல்சான்னா?"

"ரொம்ப லேசான மரம்."

"முருங்கை மாதிரியா? அதுல எவன்டா விமானம் செய்வான்!"

அந்த முருங்கைதான் 1941 பிப்ரவரி சோதனையில் மணிக்கு 620 கிலோமீட்டரைத் தாண்டி, அன்றைய ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தை முந்தியது. அதே மாதம் பாஸ்கம் டவுன் என்ற சோதனை விமானத்தளத்தில் வால்சக்கரம் பள்ளத்தில் சிக்கி உடம்பு விரிசல் விட, அடுத்த விமானத்துக்குச் செய்த உடம்பைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மொத்தம் 7,700க்கு மேல் செய்தார்கள். இதற்கெல்லாம் அப்பா தலைகூட ஆட்டவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "எதுல ஒட்டினான்?"

முதலில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. பிறகு ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் சேர்த்த பசை. 1944இல் பர்மா போர்முனைக்காக இந்தியா வந்த மஸ்கிட்டோக்களில் சில, இறக்கை ஒட்டு விட்டுப்போய் விழுந்தன. கம்பெனி சார்பில் பார்க்க வந்தவர் பருவமழையைக் காரணம் சொன்னார். பின்னால் விசாரித்தவர்கள், பட்டறையிலேயே சரியாக ஒட்டவில்லை என்றார்கள். தண்ணீர் இறங்காமல் இருக்க இணைப்பின் மேல் ஒரு பிளைவுட் பட்டை வைத்து ஒட்டும்படி ஆனது.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வேலையை ஒழுங்கா செய்யாதவன் எல்லா ஊர்லயும் மழையைத்தான் சொல்லுவான்."

அப்புறம் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, முதுகுப்பக்கம் இரண்டு பாதியும் சேரும் கோட்டைத் தேடினார். தெரியவில்லை. மரத்தின் மேல் மடபோலம் என்ற பருத்தித் துணியை ஒட்டி, துணியை விறைப்பாக்கும் மருந்து பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். மடபோலம் நம்ம பக்கத்துப் பெயர்தான். ஆந்திராவில் நரசாபுரத்தை ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கிய ஊர். அதையும் சொன்னேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஜாயிண்ட்டைப் பார்க்க விடாம துணியைப் போட்டு மூடிட்டானே" என்றார்.