கார்ட்டிசால் ரிசல்ட்டைப் படிக்கும் முன் மாதவிடாய் நாளைக் கேளுங்கள்

"ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிசால் கூடுதல்" என்று லேப் சீட்டை மட்டும் வைத்து ஒரு பெண்ணைப் பயமுறுத்துவது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை. மாதவிடாய் தொடங்கி இது எத்தனையாவது நாள், கருத்தடை மாத்திரை உண்டா, உடம்பில் காய்ச்சலோ அழற்சியோ இருக்கிறதா? இது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைக் கார்ட்டிசால் சுரக்க வைப்பது மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும். மனக்கவலை மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு அணுக்கள் விடும் ஐஎல்-1, ஐஎல்-6 போன்ற புரதங்களும் அவற்றை முடுக்கும். பதிலுக்குக் கார்ட்டிசால் அந்த அணுக்களை அடக்கும். நெருக்கடி மாதக்கணக்கில் நீண்டால் அணுக்கள் அதற்குக் கட்டுப்படுவது குறையலாம். அப்போது கார்ட்டிசால் இருந்தும் அழற்சி தணியாது.

கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன், ரத்தத்தில் கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டிவிடும். மொத்த அளவு எகிறும். அந்தப் புரதத்தில் ஒட்டாமல், உண்மையில் வேலை செய்யும் கட்டற்ற கார்ட்டிசால் இயல்பாகவே இருக்கும். அதனால்தான் பரிசோதனைக்கு 6 வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள் (டாக்டர் சொன்னால் மட்டும்), அல்லது கட்டற்றதை மட்டும் காட்டும் எச்சிலில் பார்ப்பார்கள். ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி இரண்டையும் மறைக்காதீர்கள். அவை அளவைக் கீழே தள்ளும்.

புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனலோன், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் அமர்ந்து அமைதி தரும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் அது சரியும். சில பெண்களுக்கு அந்த ஏற்ற இறக்கமே தாங்காது: எரிச்சல், அழுகை, தூக்கமின்மை. ரத்தத்தில் பார்த்தால் ஹார்மோன் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் வேறுபடுவது அளவல்ல, மூளை அதை உணரும் விதம். "ரிசல்ட் நார்மல், உனக்கு ஒண்ணுமில்ல" என்று வீட்டார் சொல்வது அநியாயம். மாதவிடாய்க்கு முந்தைய இந்தத் தொந்தரவைக் கண்டுபிடிக்க ரத்தம் வேண்டாம், நோட்டு போதும். தினமும் இரவு மனநிலைக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண், பக்கத்தில் மாதவிடாய் நாள், 2 சுழற்சிக்கு. நினைவிலிருந்து மாதக் கடைசியில் எழுதினால் பயனில்லை.

நம் குமரி மாவட்டத்துக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கார்ட்டிசால் விழித்த 30 முதல் 45 நிமிடத்தில் உச்சம் தொடும். ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்பே எழும் பெண்ணிடம் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்தால் அந்த உச்சம் எப்போதோ கடந்திருக்கும். விழித்த நேரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் 10 மி.கி./லிட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தொற்றோ காயமோதான். மனநெருக்கடியின் மேல் பழி போடாமல் 2 வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் நோட்டுக்கும் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள்.