பையைப் பிரிக்காமல் பார்ப்பது

மருந்து மூலப்பொருள் கிடங்கில் என் வேலை, லேபிளில் எழுதியிருப்பதுதான் பீப்பாய்க்குள் இருக்கிறதா என்று சரிபார்ப்பது. முன்பெல்லாம் உள்பையைப் பிரித்து மாதிரி எடுத்தாக வேண்டும். பிரிக்கும்போதெல்லாம் ஈரமும் தூசியும் உள்ளே போகலாம். இப்போது கையடக்க ராமன் கருவியின் முனையைப் பாலிதீன் பைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான பொருள்களுக்குச் சில விநாடிகளில் பதில் வந்துவிடுகிறது.

இத்தகைய கருவிகள் பலவற்றில் இருப்பது 785 நானோமீட்டர் லேசர். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே போன நிறத்திலேயே திரும்பும். கோடியில் ஒரு ஃபோட்டான் அளவுக்குத்தான் மூலக்கூற்றின் பிணைப்பை அதிரவைத்து, அதற்கான ஆற்றலை இழந்து, நிறம் மாறி வரும். 1928-இல் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது இதைத்தான். இந்த நிற மாற்றத்தின் அளவைக் கருவி அலை எண் என்ற அளவில் கோடுகளாக வரையும், அந்த வரைபடம்தான் நிறமாலை. கோடு விழும் இடம் பொருளுக்குப் பொருள் மாறும். எத்தனாலுக்கு அலை எண் 880-ஐ ஒட்டி வலுவான கோடு. மெத்தனாலுக்கு 1030-ஐத் தாண்டி. மூடிய கண்ணாடிப் புட்டி வழியாகவே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். ஒன்று கிருமிநாசினி, மற்றது பார்வையைப் பறிக்கும் விஷம்.

எல்லாக் கொள்கலனும் இடம் கொடுக்காது. உலோக டப்பா என்றால் லேசர் உள்ளேயே போகாது. பழுப்புக் கண்ணாடியும் நிறமுள்ள பொருள்களும் தாமே ஒளிர்ந்து கோடுகளை மூழ்கடிக்கும். அப்போது 1064 நானோமீட்டர் லேசர் உள்ள கருவி கைகொடுக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் கேனுக்கு வேறொரு வழி இருக்கிறது. லேசரை ஓரிடத்தில் விட்டு, சில மில்லிமீட்டர் தள்ளித் திரும்பும் ஒளியைச் சேகரிப்பார்கள். ஆழத்தில் சிதறிய ஒளிதான் பக்கவாட்டில் அவ்வளவு தூரம் வரும் என்பதால், கேனின் கோடுகளைக் கழித்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். 2005-இல் பிரிட்டனின் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் பாவெல் மட்டூசெக் குழுவினர் கொண்டுவந்த முறை இது. இந்தத் துறையில் நான் மிகவும் வியக்கும் யோசனை இதுதான். அப்புறம், சாதாரண உப்பிடம் இந்தக் கருவி பலிக்காது. அதில் அயனிகள்தான், அதிர்ந்து கோடு காட்டும் மூலக்கூறு கிடையாது.

புதிதாக வருபவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது, திரையில் வரும் ‘பொருந்தியது’ என்பதைத் ‘தூய்மையானது’ என்று படிக்காதீர்கள் என்பதே. கருவி தன் நூலகத்தில் உள்ள நிறமாலையோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். சிறிய அளவில் கலந்திருப்பது இரைச்சலில் மறைந்துவிடும். 1995-96-இல் ஹெய்தியில், டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் கலந்த கிளிசரினில் செய்த சிரப்பைக் குடித்து 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். கிளிசரினுக்குப் பதில் முழுக்க அதையே நிரப்பி அனுப்பினால் ராமன் அங்கேயே பிடித்துவிடும். ஆனால் கிளிசரினில் அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம், அத்தனை சிறிய அளவு இந்தக் கருவியின் கண்ணில் படாது. அதனால் கிளிசரின் பீப்பாய் மட்டும், திரையில் பச்சை விளக்கு எரிந்தாலும், மாதிரி எடுத்து, கலந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு குரோமடோகிராபிக்கு அனுப்பி, முடிவு கைக்கு வரும்வரை தனியாகப் பூட்டியே கிடக்கும்.