அறுந்த கடைசி நொடிகள்

இன்று காலை குடும்பக் குழுவில் ஒரு வீடியோ. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர். ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள்.

அத்தோடு சட்டென்று அறுந்துவிடுகிறது.

2018-இல் நாடு முழுக்கச் சுற்றிய அதே துண்டு. முழுப்படத்தில் அந்த பைக் திரும்பி வரும், குழந்தையை இறக்கிவிடும், ஒருவர் ஒரு பதாகையை விரித்துக் காட்டுவார். கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. அந்தக் கடைசி நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான் போகும். பார்த்தால் நம்ம தெரு மாதிரியே இருக்கும்.

இப்படிப் பிள்ளைபிடி வதந்தி பரவிக்கிடந்த அந்த ஆண்டு மே மாதத்தில்தான் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான்.

வீடியோ வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை. பிறகு முகம், கடைப்பலகை, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியும் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒன்றோடு நிறுத்தாதீர்கள், பலமுறை பகிர்ந்து மங்கிய படம் சிக்காது. எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் படத்தை இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். கிடைத்ததில் மிகப் பழைய தேதி எது என்று பாருங்கள்.

எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், என்றைக்கு? மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அனுப்பியவரிடமே கேளுங்கள், கோபப்படாமல்.

குழுவில் முழு வீடியோவைத் தேடிப் போட்டாயிற்று. பெரியம்மா தான் அனுப்பிய துண்டை அழித்துவிட்டார்.