தேர்ச்சிக் கணக்கில் வராதவர்கள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று தேர்வுத்துறை விடும் செய்திக்குறிப்பைக் கடைசிவரை படித்துப் பாருங்கள். மாவட்ட வாரித் தேர்ச்சி, நூற்றுக்கு நூறு எல்லாம் தாண்டினால், மாற்றுத்திறனாளி மாணவர்கள் இத்தனை பேர் எழுதினர், இத்தனை பேர் தேர்ச்சி என்று ஒரு வரி இருக்கும். கூடவே சிறைவாசிகள் கணக்கும். (இந்தக் கூட்டணியை யார் யோசித்தார்களோ!)

பார்வையற்ற மாணவி, காது கேளாத பையன், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை எல்லாரும் அந்த ஒரே வரிக்குள். சொல்வதை எழுதுபவர் ஒழுங்காக வந்தாரா, கூடுதல் ஒரு மணி நேரம் கிடைத்ததா என்பதெல்லாம் அதில் தெரியாது. எட்டாவதோடு நின்றுபோன பிள்ளை கணக்கிலேயே கிடையாது. பரீட்சையே எழுதாதவர் எப்படித் தோற்பார்? விழுக்காடு அழகாகத்தான் இருக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும் கற்றல் முன்னேற்றத்தையும், படிப்பை முடித்தாரா என்பதையும் கண்காணிக்கச் சொல்கிறது. அடுத்த பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடுப்பு நடத்தி, தேவைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்று பார்க்கச் சொல்கிறது.

அமெரிக்க மாநிலங்கள், சிறப்புக் கல்வி பெற்றவர்களைப் பள்ளியை விட்ட ஓராண்டுக்குள் தொடர்புகொண்டு, மேற்படிப்பா வேலையா என்று கேட்கின்றன. எல்லாரும் பதில் சொல்வதில்லை, சரி. நம் பிள்ளைகளுக்கு எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) இருக்கிறது. பிளஸ் டூ முடித்த மறு வருஷம் ஒரு ஃபோன் போட்டு விசாரிக்கலாமே?