கேஸ் கட்டும் வக்காலத்தும்

கூட்டாகத் தொழில் நடத்திய நண்பர் என் பங்குப் பணத்தைத் தர மறுத்தபோது, வழக்கில் வெல்வேனா என்பதைவிட யாரிடம் போவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. உறவினர் ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு வழக்கறிஞரிடம் போனேன். ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரங்கள், இரண்டு ஆண்டுக் கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, வெள்ளை நாடாவால் இரட்டை முடிச்சுப் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன். அவர் அந்தக் கட்டின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டே நான் சொன்னதைப் பத்து நிமிடம் கேட்டார். பிறகு, "இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, ஆறு மாதத்தில் பணம் கைக்கு வந்துவிடும்" என்றார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு ஏழு மாதங்களை விலையாகக் கொடுத்தேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்த ஏழு மாதங்களில் நடந்தது ஒரே ஒரு நோட்டீஸ்தான். அதிலும் ஒப்பந்தத் தேதி தவறாக இருந்தது. தொலைபேசியில் பேசியவர் எப்போதும் குமாஸ்தா. அவர் நல்ல மனிதர், ஆனால் என் வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகவே அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவதாகச் சந்தித்த வழக்கறிஞர், வீட்டில் வைத்திருந்த ஒப்பந்த நகலை நான் நீட்டியதும், முதல் பக்கத்தைத் தொடாமல் கடைசிப் பக்கங்களைத்தான் புரட்டினார். தகராறு எழுந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் தீர்ப்புக்கு, அதாவது நீதிபதிக்குப் பதிலாகத் தனியாக நியமிக்கப்படும் நடுவர் ஒருவரின் முடிவுக்கு, விட வேண்டும் என்ற பிரிவு அங்கே இருந்தது. கையெழுத்திட்ட எனக்கே அது நினைவில் இல்லை. அடுத்து, பணம் தர முடியாது என்று நண்பர் முதன்முதலில் எழுத்தில் சொன்ன நாள் எது என்று கேட்டார். ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர வேண்டிய காலவரையறை இந்தியாவில் மூன்று ஆண்டுகள். நோட்டீஸ் அனுப்பிவிட்டதாலேயே அந்தக் கடிகாரம் நின்றுவிடாது என்பதையும், 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி, தகராறை நடுவரிடம் விடக் கோரும் அறிவிப்பு எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் நாளில்தான் நடவடிக்கை தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்பதையும் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். என்னிடம் மிச்சம் இருந்தது ஐந்து மாதம்.

மூன்றாவது கேள்விதான் என்னை உலுக்கியது: "நீங்கள் அவருக்குத் தர வேண்டியது ஏதாவது உண்டா?" இருந்தது. நடுவில் ஒருமுறை அவரிடம் கைமாற்றாக வாங்கியிருந்தேன், அதை இருவரிடமும் சொல்லாமல் விட்டிருந்தேன். "எதிர்த்தரப்பின் பதிலுரையில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பது எனக்கு நல்லது" என்றார். கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் அவருடைய அனுமதியின்றி வெளியிடக்கூடாது என்பது அநேகமாக எல்லா நாட்டுச் சட்டங்களும் தரும் பாதுகாப்பு. இனிச் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்பதற்கு அது பொருந்தாது. அப்படி ஒரு பாதுகாப்பு இருந்தும் நாம் வெட்கப்பட்டு மறைப்பது எதிர்த்தரப்புக்குத்தான் உதவி.

அதன் பிறகு யார் என்னிடம் வழக்கறிஞரைப் பற்றிக் கேட்டாலும், அவர் என்ன சொன்னார் என்பதை நான் கேட்பதில்லை. என்ன கேட்டார் என்பதைத்தான் கேட்கிறேன். வழக்கின் பலவீனத்தை முதல் நாளிலேயே தேடுகிறவர் நமக்காக உழைக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். வெற்றிக்கு உறுதி தருகிறவர் எதிர்த்தரப்பின் ஆவணங்களையும் பார்க்கவில்லை, நீதிபதியின் மனத்தையும் பார்க்கவில்லை.

ஆளை எங்கே தேடுவது? இணையத்தில் வரும் 'தலைசிறந்த பத்து வழக்கறிஞர்கள்' பட்டியல்கள் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அமெரிக்காவில் 1977இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வழக்கறிஞர் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது; இந்தியாவில் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் விளம்பரத்தைத் தடை செய்கின்றன, 2008இல் வந்த தளர்வும் சொந்த வலைத்தளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் போன்ற விவரங்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே இணையத்தில் பளபளப்பாகத் தெரிகிற பெயர் நல்ல பெயர் என்று கொள்ள முடியாது. எனக்குப் பயன்பட்டது வேறு வழி: நிலப் பத்திரங்கள் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் எனக்குப் பழக்கம், அவரிடம் "உங்கள் தம்பிக்கு இந்தப் பிரச்சினை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேட்டேன். இரண்டாமவரின் பெயர் அப்படித்தான் வந்தது. தாம் எதிரே நின்று வாதாடித் தோற்ற ஒருவரையே அவர் சொன்னார், அதைச் சொல்லும்போது சிரிக்கவும் செய்தார்.

பெயர் கிடைத்ததும் அவர் பதிவு பெற்றவர்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் எனப்படும் வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பட்டியலில் எவரும் தேடிப் பார்க்கலாம். இந்தியாவில் மாநில பார் கவுன்சிலில் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். இன்னொன்று, கதையைச் சொல்லத் தொடங்கும் முன்பே எதிர்த்தரப்பின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்காக இவர் ஏற்கெனவே ஆஜராகியிருந்தால், நம் ரகசியம் எதுவும் காதில் விழும் முன்பே விலகிக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவது நம்மில் பலருக்கும் உள்ள நோய். மொத்தத் தொகையா, ஆஜராகும் ஒவ்வொரு நாளுக்குமா, மணிக்கணக்கா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும். ஆஜராகும் நாளுக்கு என்றால், வழக்கு நடக்காமல் வாய்தா வாங்கித் திரும்பும் நாளுக்கும் பணம் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனெனில் பல வழக்குகளில் அத்தகைய நாட்களே அதிகம். நீதிமன்றக் கட்டணம், முத்திரைத்தாள், தட்டச்சு, நகல் போன்ற செலவுகள் ஃபீஸுக்குள் அடங்குமா, நீதிமன்றத்தில் நிற்கப்போவது அவரா அவருடைய ஜூனியரா என்பதும் அதே மூச்சில் கேட்க வேண்டியவை. ஜூனியர் நிற்பதில் தவறில்லை, அது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வென்றால் கிடைக்கும் தொகையில் பங்கு என்ற ஏற்பாடு அமெரிக்காவில் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சகஜம். குற்ற வழக்குக்கும் விவாகரத்துக்கும் அங்கேயும் அனுமதி இல்லை. இந்தியாவில் வழக்கறிஞர் அப்படிப் பேசுவதே நடத்தை விதிகளுக்கு முரணானது, ஆகவே "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று பேச்சைத் தொடங்குகிறவரிடமிருந்து நான் எழுந்து வந்துவிடுவேன்.

இவை அனைத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. தொழில் ஒழுக்கம் மீறப்பட்டால் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம், உரிமையியல் வழக்கும் தொடரலாம். எங்கே போனாலும் அவர் என்ன ஏற்றுக்கொண்டார் என்பதைக் காட்ட ஒரு தாளாவது நம் கையில் இருக்க வேண்டும். எனக்காக வழக்காட அதிகாரம் தரும் தாளான வக்காலத்தில், இடைவெளிகள் நிரப்பப்படாமலேயே, முதலாமவரிடம் நான் கையெழுத்திட்டுக் கொடுத்தேன், ரசீது இல்லாமல் பணமும் கொடுத்தேன். இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணமே இல்லை என்பதால் வழக்கறிஞர் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. இந்தியாவின் 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு கடுமையான குற்ற வழக்குகளில் ஏழைகளுக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என்றாக்கியது, பண வழக்குகளுக்கு அது பொருந்தாது.

ஆளை மாற்றுவதில்தான் மனம் அதிகம் தயங்குகிறது. கொடுத்த பணம் போய்விடுமே, பகை வந்துவிடுமே என்று. நானும் இரண்டு மாதம் அப்படித் தயங்கினேன். கட்டணப் பாக்கி இருந்தால்கூட வழக்கறிஞர் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம். இதை இரண்டாமவர் சொன்ன பிறகு, கணக்கைத் தீர்த்துக்கொள்வதாகவும் கட்டைத் திருப்பித் தருமாறும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சண்டை எதுவும் வரவில்லை. குமாஸ்தா அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்து, தூசி தட்டிக் கொடுத்தார். நான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது.